கணக்கில் வராத காசநோயாளிகள்

விளிம்புநிலை மக்களுக்கான நலத்திட்டங்களை அவர்களே நடத்தினால் என்ன நிகழும் என்பதற்கு இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. 1992இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்புப் பணியில், பாலியல் தொழிலாளர்களே சக தொழிலாளர்களுக்குச் சுகாதாரப் பணியாளர்களாயினர். ஆணுறையை மறுக்கும் வாடிக்கையாளரைத் திருப்பியனுப்ப அறிவுரை மட்டும் போதாது, அன்றைய வருமானத்தை இழந்தாலும் வட்டிக்காரரிடம் சிக்காதிருக்க வழி வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாறு 1995இல் உருவானதே உஷா கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்கள் நன்னடத்தை உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வாதாடி, பாலியல் தொழிலாளர் என்ற அடையாளத்துடனேயே அதனைப் பதிவுசெய்தனர். நோய்த்தடுப்பு அங்கே சேமிப்புக் கணக்கையும் உள்ளடக்கியிருந்தது.

காசநோய்த் திட்டம் இப்பாடத்தைப் பாதியளவே கற்றிருக்கிறது. நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் ஊட்டச்சத்துக்காக வழங்கப்படுகின்றன. இது வீண்செலவன்று. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வொன்றில், நோயாளியின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவு வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததென 2023இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆயினும் அத்தொகை வங்கிக் கணக்கின் வழியாகவே செல்கிறது. செங்கற்சூளைக்குப் புலம்பெயர்ந்தவர், நடைபாதையில் உறங்குபவர், குடும்பத்தால் விலக்கப்பட்ட திருநங்கை ஆகியோருக்கு நோய் எளிதில் வருகிறது, கணக்கு எளிதில் வருவதில்லை. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் உயிரிழப்புக்குக் காசநோயே முதன்மைக் காரணம் என்னும்போது இந்த இடைவெளியின் விலை புலப்படும்.

நேரடிப் பணமாற்றம் இடைத்தரகர்களைத் தடுக்கிறது என்பது மறுக்கவியலாத வாதம். ஆனால் இடைத்தரகர் வேறு, தொழிலாளர்கள் தாமே அமைத்துக்கொண்ட சங்கம் வேறு. நோயிலிருந்து மீண்டவர்கள் இன்று ‘காசநோய் வாகையர்’களாக விழிப்புணர்வுப் பணியில் ஈடுபடுத்தப்படுகின்றனர். பரப்புரைக்குத் தகுதியுடையோர் நிதி குறித்து முடிவெடுக்கும் குழுக்களிலும் வாக்குரிமையுடன் அமரத் தகுதியுடையவர்களே. கணக்கில்லாதவருக்கு அச்சங்கங்களின் வழியாக உணவாகவோ பணமாகவோ உதவி சேர வேண்டும். செலவைப் பொதுத் தணிக்கை கண்காணிக்கட்டும்.

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்ற தேசிய இலக்கு எட்டப்படவில்லை. அடுத்த இலக்கு எந்த ஆண்டு என்பதைவிட, அதனை வகுக்கும் மேசையில் யார் அமர்வர் என்பதே முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும்.