மேளம் பேசும்போது ஒரு கேள்வி

காட்டுமன்னார்கோயில் பக்கம் கல்யாணம் என்றால் முதலில் மண்டபம், அடுத்தது மேளம். "நாதசுரம் யார்? தவில் யார்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "பெண்கள் செட் உண்டா?" என்று கேட்பவர் அபூர்வம்!

பெண்ணுக்கு அவ்வளவு மூச்சு ஏது என்பது பழைய பேச்சு. அமெரிக்காவிலும் இதே பேச்சு இருந்தது.

பஸ்ஸே வீடு

1937-ம் ஆண்டு வாக்கில், மிசிசிப்பி மாநிலத்துப் பள்ளி ஒன்றில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஒரு பாண்டு வாத்தியக் குழு அமைக்கப்பட்டது. பள்ளிக்குப் பணம் திரட்டுவதற்காக! டிரம்பெட், சாக்சபோன், டிரம் எல்லாம் பெண்கள் கையில். பின்னர் அன்னா மே வின்பர்ன் என்ற பெண்மணி தலைவியானார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தென் மாநிலங்களில் ஓட்டல்கள் அவர்களுக்கு இடம் தரவில்லை. பஸ்ஸிலேயே தூங்கினார்கள். 1945-ல் ஜெர்மனிக்கே போய், அமெரிக்கப் படையினருக்கு வாசித்தார்கள்.

கட்டியவருக்கே தடை

நம் ஊர்க் கதை இன்னும் வேடிக்கை.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் கைப்பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1925-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனால், ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். ஆம், கோயில் கட்டியவருக்கே தடை!

அம்மையார் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டினார். சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். "பெண்கள் கட்சி" என்று அதற்குப் பெயர் வந்தது. 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் பாடினார்கள். 1952-ல் மறைந்த அம்மையாரின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

தவிலைத் தூக்கினால்?

பாட்டில் தடை நீங்கியது. மேளத்தில்?

மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதசுரம் வாசித்துப் புகழ் பெற்றார். செட்டுக்குத் தலைமை நாதசுரம்தான். எந்த ராகம், எந்தப் பாட்டு, தவிலுக்கு எப்போது தனி விடுவது எல்லாம் நாதசுரக்காரர் முடிவு. அந்த இடத்தில் ஒரு பெண் நின்றார்! புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்தார். நாதசுரக் கலைஞர் காலீஷாபிக்கு, கணவர் ஷேக் மகபூப் சுபானியுடன் சேர்த்து, 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதற்குப் பிறகும் மூச்சைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு.

பெண் பாடலாம், வீணை மீட்டலாம். தவிலைத் தோளில் மாட்டினால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கிறது. இது என்ன நியாயம்?

பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கற்றால் மட்டும் போதுமா? கூப்பிட ஆள் வேண்டாமா? ஒரு செட்டை வாழவைப்பது கைதட்டல் அல்ல, அடுத்த முகூர்த்தம்.

கூப்பிட்டால், ஆண்கள் செட்டுக்குப் பேசும் தொகையையே பேச வேண்டும். "பெண்கள்தானே!" என்று குறைக்கக் கூடாது.

தை மாதக் கல்யாணத்துக்கு மேளம் பேசப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கட்டும். அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்!