கணினி திணறுகிறதா? களத்தைச் சற்று ஒழித்து வையுங்கள்



சென்ற வைகாசி மாதக் கடைசியில், வெண்ணாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். என் நீண்ட நாளைய நண்பர் ஒருவர் அங்கே மூன்று ஏக்கர் நிலத்தில் சாகுபடி செய்து வருகிறார். வீட்டினுள் நுழைந்தபோதே ஏதோ மனத்தாங்கல் என்பது முகங்களில் தெரிந்தது. நண்பர் திண்ணையில் அமர்ந்து மௌனமாக இருந்தார். அவருடைய மகன் கூடத்தில் ஒரு பழைய மடிக்கணினியின் முன்னே கண் கலங்கி நின்றான்.

விசாரித்தேன். பிளஸ் டூ முடித்த அந்தப் பையன் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாட்கள். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, சான்றிதழ்களின் படங்களைச் சேர்க்கும் நேரத்தில் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. நிரப்பியவை எல்லாம் அழிந்து போகின்றன. நான்கு முறை முயன்றும் இதே கதைதான். நகரத்துக் கடையொன்றில் காட்டியதற்கு, "இது இனித் தேறாது, முப்பத்தைந்தாயிரம் இருந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"குறுவைக்கு என்று விதைக்கும் உழவுக்கும் உரத்துக்கும் ஒதுக்கி வைத்த பணம்தான் கையில் இருக்கிறது. அதை எடுத்தால் நடவுக்குக் கடன் வாங்க வேண்டும். எடுக்காவிட்டால் பிள்ளையின் படிப்பு. என்ன செய்யச் சொல்கிறாய்?" என்றார் நண்பர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கலக்கம் எனக்குப் புரிந்தது.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் பல்லாண்டுகள் அதனோடு பழகியவன். "பணத்தை எடுக்குமுன் நோய் எதுவென்று பார்த்துவிடுவோம்" என்று சொல்லி அமர்ந்தேன்.

அந்த மடிக்கணினி, பையனுடைய அக்காள் 2013ஆம் ஆண்டு பிளஸ் டூ படித்தபோது அரசு அளித்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். எல்காட் நிறுவனத்தின் வழியாக வாங்கப்பட்ட அக்கருவிகளுள் தொடக்க காலத்தவை பலவற்றில் நினைவகம் 2 ஜிகாபைட். கடைக்காரர்கள் 'ரேம்' என்று சொல்வது இதனைத்தான். அன்றைக்கு அது போதுமானதாகவே இருந்தது. இன்றைக்கு ஏன் போதவில்லை?

நம் ஊர் வழக்கிலேயே சொல்லுகிறேன். கணினியில் பொருளை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஹார்டு டிஸ்க். அது வீட்டிலுள்ள பத்தாயம் போன்றது. நிறையக் கொள்ளும், ஆனால் எடுக்கவும் வைக்கவும் நேரமாகும். மற்றொன்று நினைவகம், அது அறுவடைக் களம் போன்றது. சிறியது; ஆனால் வேலை நடப்பது அங்கேதான். களம் நிறைந்துவிட்டால் என்ன செய்வோம்? பாதி நெல்லைப் பத்தாயத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கட்டை விரிப்போம். கணினியும் அவ்வாறே செய்கிறது. ஆனால் களம் மிகவும் சிறிதாகி, அனுப்பியதையே மீண்டும் மீண்டும் கொண்டுவரும்படி நேர்ந்தால், ஆட்கள் நடப்பதிலேயே பொழுது போய்விடும், அடிப்பு நடக்காது. நம் பையனுடைய கணினி உறைந்ததற்குப் பொருள் இதுவே. அது பழுதாகவில்லை, சுமை தூக்கிச் சுமை இறக்கியே களைத்துப் போயிற்று.

களத்தை நிரப்பியது யார்? பிரவுசர் என்று எல்லோரும் சொல்லும் உலாவிதான். இதன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நன்று.

1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை ஆக்கினார். 1993இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மொசைக், படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி உலகப் புகழ் பெற்றது. அந்நாளில் ஒரு பக்கம் என்பது படிப்பதற்கான தாள் போன்றது. இந்நாளிலோ ஒவ்வொரு பக்கமும் தனக்குள்ளே ஒரு முழு இயந்திரத்தை ஓட்டுகிறது. அஞ்சல், நிலப்படம், திரைப்படம், அரட்டை யாவும் அதற்குள்ளேயே நடக்கின்றன. 2010இல் ஒரு சாதாரணப் பக்கத்தின் எடை ஏறத்தாழ அரை மெகாபைட். இன்று 2 மெகாபைட்டுக்கும் மேல். இறங்கி வந்த பின்னர் விரிந்து, நினைவகத்தில் அதைப்போலப் பன்மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பக்கங்களும் பல உண்டு.

இரண்டாவது காரணம் ஒன்றுண்டு. அது குற்றமன்று, பாதுகாப்பு. முன்னாளில் உலாவி முழுவதும் ஒரே வயலாக இருந்தது. பல பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாலும், ஒன்று சீர்கெட்டால் எல்லாமே விழும். 2008 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டபோது, பக்கங்களுக்கு இடையே வரப்பு எடுத்தது. திறந்திருக்கும் பக்கங்களைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து ஓட்டியது. ஒரு வயலில் நோய் கண்டால் அடுத்த வயல் பிழைத்தது. ஆனால் உழவர்களாகிய உங்களுக்குத் தெரியாததா? வரப்பும் நிலத்தைத்தான் தின்னும். மூன்று ஏக்கரை முப்பது துண்டாக்கி வரப்பு எடுத்தால் நடுவதற்கு எவ்வளவு மிஞ்சும்?

பயர்பாக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லாவினர் இதனை உணர்ந்திருந்தனர். நினைவகச் செலவைக் குறைப்பதற்கென்றே 2011இல் அவர்கள் ஒரு தனித் திட்டம் தொடங்கினர். 2017 ஜூனில் அவர்களும் பக்கங்களைப் பிரித்து ஓட்டத் தொடங்கியபோது, பக்கத்துக்கு ஒன்றென வைக்காமல் நான்கு பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டனர்.

அதன்பின் 2018 ஜனவரியில் ஒரு பெருஞ்செய்தி வந்தது. கணினிகளின் மூளையாகிய சில்லுகளிலேயே 'ஸ்பெக்டர்' என்ற குறைபாடு இருப்பது வெளிப்பட்டது. ஒரு தீய பக்கம், அருகிலே திறந்திருக்கும் மற்றொரு பக்கத்தின் இரகசியங்களைத் திருடிவிடக்கூடும் என்று அறிஞர்கள் எச்சரித்தனர். வங்கிப் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் ஒரே வயலில் இருப்பது ஆபத்தாயிற்று. ஆகவே அவ்வாண்டிலேயே குரோம் தன் வரப்புகளை இன்னும் கூட்டிற்று. அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 விழுக்காடு வரை கூடியதாகக் கூகுள் நிறுவனமே கூறியது. நம் வங்கிக் கணக்கைக் காப்பதற்காகக் கொடுத்த விலை அது. எனவே, "உலாவி நினைவகத்தை விழுங்குகிறது" என்று மொத்தமாகப் பழிப்பது முறையாகாது. களம் வெறுமையாகக் கிடப்பதிலும் பயனில்லை. இடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தி விரைவாக வேலை செய்வது நல்ல உலாவியின் இயல்பே. இடம் தீர்ந்த பின்னும் சுமை ஏறினால்தான் தொல்லை.

இனி நண்பரின் வீட்டுக்கு வருவோம். குரோம் உலாவியில் ஷிப்ட், எஸ்கேப் என்னும் இரு விசைகளையும் ஒருங்கே அழுத்தினேன். எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்ற பட்டியல் கண் முன்னே வந்தது. பையன் வியந்து போனான்.

"தம்பி, எத்தனை பக்கம் திறந்து வைத்திருக்கிறாய்?"

"இந்த விண்ணப்பம் ஒன்றுதான் மாமா."

எண்ணிப் பார்த்தோம், பத்தொன்பது. கணினியை அணைத்துத் திறக்கும்போதெல்லாம் முன்பு விட்ட பக்கங்கள் தாமாகவே திறக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அக்காள் எப்போதோ பார்த்த வேலைவாய்ப்புப் பக்கம், கிரிக்கெட் ஆட்டம், மூன்று திரைப்பாடல்கள், வாட்ஸ்அப் என்று எல்லாம் பின்னாலே உயிரோடு இருந்தன. இவை போதாவென்று, தள்ளுபடி விலை தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு துணைநிரலும், இன்னும் இரண்டும் உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்தன. யார் சேர்த்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

பதினெட்டுப் பக்கங்களை மூடினோம். துணைநிரல்களை நீக்கினோம். தாமாகத் திறக்கும் ஏற்பாட்டை மாற்றினோம். கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படங்கள் மிகப் பெரியனவாக இருந்தன; அவற்றைச் சிறிதாக்கினோம். பிறகு கணினியை ஒரு முறை அணைத்துத் திறந்து, விண்ணப்பப் பக்கத்தை மட்டும் திறந்தோம். அன்றிரவு ஒன்பது மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நண்பரின் மனைவி அப்போதுதான் அடுப்பங்கரைக்குப் போனார்கள். ஒரு காசு செலவில்லை. குறுவைப் பணம் பெட்டியிலேயே இருந்தது.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. அந்தக் கணினி இனி அப்படியே நெடுநாள் ஓடத் தகுந்ததன்று. அதிலிருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2023 தொடக்கத்திலிருந்து குரோமின் புதிய பதிப்புகளும் அதற்கு வருவதில்லை. ஆகவே, தெரிந்த ஓர் இளைஞரைக் கொண்டு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளில் இலேசான ஒன்றை அதில் இடச் சொன்னேன். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் அரசு மடிக்கணினிகளிலேயே தரப்பட்டதை அக்காள் நினைவுகூர்ந்தாள். அதன் பழைய பதிப்பை விட்டு, இன்று வெளிவரும் பதிப்பைப் போட வேண்டும் என்பதையும் சொல்லி வந்தேன்.

வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இவ்வாறு நேர்ந்தால், கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலாவது, எது இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். நான் சொன்ன பட்டியலில் மிகுதியாகத் தின்பதை முதலில் மூடுங்கள். பயர்பாக்சிலும் இதற்கொத்த பட்டியல் உண்டு.

இரண்டாவது, பின்னர்ப் படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தே வைக்காமல், புக்மார்க் செய்துவிட்டு மூடுங்கள்.

மூன்றாவது, தேவையற்ற துணைநிரல்களை அகற்றுங்கள். ஆனால் பாதுகாப்புக்கான தடுப்புகளை இடம் மிச்சம் பிடிப்பதற்காக நீக்காதீர்கள். அது வரப்பை வெட்டி வெள்ளத்தை விடுவதாகும்.

நான்காவது, பார்க்காத பக்கங்களை உறங்க வைக்கும் வசதியை இயக்குங்கள். குரோமில் 2022 டிசம்பரிலிருந்து மெமரி சேவர் என்ற பெயரில் இது உள்ளது. எட்ஜ் உலாவியிலும் உண்டு. உறங்கும் பக்கத்தைத் தொட்டால் அது மீண்டும் முதலிலிருந்து ஏற்றப்படும். எனவே பாதி நிரப்பிய விண்ணப்பத்தை விட்டுவிட்டு நெடுநேரம் வேறிடம் போகாதீர்கள்.

ஐந்தாவது, இவையெல்லாம் செய்தும் போதாதாயின், கணினியில் கூடுதல் நினைவகம் பொருத்த இடமுண்டா என்று கேளுங்கள். களத்தை அகலப்படுத்துவது புதுக் களம் வாங்குவதைவிட மலிவு.

இவை எதனாலும் ஆகாதபோது மட்டுமே புதியது வாங்குங்கள். அப்போது வெளிப்பகட்டைப் பாராமல் நினைவகம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். இன்று ஒரு மாணவனுக்கு 8 ஜிகாபைட் இருந்தால் நிம்மதியாக வேலை நடக்கும். பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால், அரசுத் திட்டங்களையும் விசாரியுங்கள். 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

முடிவாக ஒரு சொல், இணையப் பக்கங்களை ஆக்கும் நம் பிள்ளைகளுக்கு. டெல்டாவின் இளைஞர் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அத்தொழிலில் இருக்கிறார்கள். தலைமடைக்காரன் தன் வயலுக்கு வேண்டிய நீரைப் பாய்ச்சிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கடைமடையில் ஒருவன் காத்திருக்கிறான் என்பதை மறந்தால், ஆற்றில் நீர் இருந்தும் பயிர் கருகும். விலையுயர்ந்த கணினியில் பக்கத்தை ஆக்கி, அதிலேயே சோதித்து, நன்றாக ஓடுகிறது என்று மகிழ்வது போதாது. வீட்டுக்கு ஒரே ஒரு பழைய கருவி உள்ள பிள்ளை, கடைசி நாளுக்கு முன்னிரவில் அதைத் திறக்கப் போகிறான். அவன் கருவியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விண்ணப்பப் பக்கத்துக்கு ஓடும் படங்களும் ஆடும் எழுத்துகளும் வேண்டியதில்லை.

ஆடி பிறந்தபின் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். நண்பர் நடவு வயலில் இருந்தார். வரப்பில் நின்றபடியே, "பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது, பழைய பெட்டியும் ஓடுகிறது" என்றார். இரண்டு செய்திகளும் எனக்கு மகிழ்ச்சி தந்தன. இன்று மாலையே உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து, எத்தனை பக்கங்கள் பின்னாலே காத்திருக்கின்றன என்று பிள்ளைகளோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.