ஏறும் முன் ஒரு நிமிடம்



சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி முடிந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வாயிலருகே ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறார். அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, சுங்கைப்பட்டாணியில் கட்டட வேலைக்குப் போகப் போகிறானாம்.

“கிரீன் கார்டு எடுத்துட்டான் டீச்சர். மேல ஏறிச் சாயம் அடிக்கிற வேலையாம். கார்டு இருந்தா பயமில்லதானே?” என்று கேட்டார்.

நின்றபடியே ஐந்து நிமிடம் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பதில் போதாது என்று தோன்றியது. பால்மரமும் செம்பனையும் பார்த்த நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இன்று கட்டட வேலைக்குப் போகிறார்கள். ஆகவே இந்த மாதப் பக்கத்தை அந்தத் தாய்க்கும் அவரைப் போன்ற உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் கார்டைப் பற்றி. நாம் சி.ஐ.டி.பி. என்று சொல்லும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம், ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பிறகு தொழிலாளியைப் பதிந்து கொடுப்பது அது. அது இல்லாமல் கட்டுமான இடத்தில் வேலை செய்யக்கூடாது. அவசியமானதுதான். ஆனால் அது உள்ளே போக வழிவிடுமே தவிர, உங்கள் மகன் ஏறி நிற்கும் பலகையைத் தாங்கிப் பிடிக்காது.

இதை நான் எப்படிக் கற்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2016ஆம் ஆண்டு. என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். பெயர் வேண்டாம். தோட்டம் கைமாறி அவன் அப்பாவுக்கு வேலை போயிருந்த நேரம். மூன்று மாதம் சும்மா இருந்த பிறகு அவனுக்குக் கிடைத்த வேலை அது. “டீச்சர், சாரத்துல பலகை ஆடுது. கட்டாமலே போட்டிருக்காங்க. சொன்னா மண்டோர் ஏசுறாரு. வேலைய விட்டுடலாமான்னு பாக்கிறேன்” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லா இடத்திலும் அப்படித்தான்பா இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் போ” என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, சாய வாளியோடு பலகையின் நுனிக்குப் போயிருக்கிறான். பள்ளித் திடலில் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் பலகையைப் போல மறுமுனை மேலே தூக்கிக்கொண்டது. ஏறத்தாழ 15 அடி. இரண்டு குதிகால் எலும்பும் உடைந்தன. ஐந்து மாதம் படுக்கையில் இருந்தான். இன்றும் சாய்ந்துதான் நடக்கிறான். மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, “நீங்க சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல டீச்சர்” என்றான். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

மலாயில் ‘பெரஞ்சா’ என்று சொல்கிறார்களே, அதுதான் சாரம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பந்தல் போடாத தோட்டம் உண்டா? மூங்கிலும் கயிறும் கொடுத்தால் ஒரே பகலில் நம் ஆட்கள் பந்தலை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கைப்பழக்கமே சில சமயம் வினையாகிவிடுகிறது. “பந்தல் கட்டத் தெரிந்தவனுக்குச் சாரம் என்ன பெரிய காரியம்?” என்று மண்டோரும் சொல்வார், நம் பையனும் பெருமையோடு ஒத்துக்கொள்வான். பந்தல் தாங்குவது கீற்றையும் தோரணத்தையும். சாரம் தாங்குவது உயிருள்ள மனிதர்களை. சாரம் கட்டுவதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு, ஜே.கே.கே.பி. எனப்படும் வேலையிடப் பாதுகாப்புத் துறையில் பதிவும் உண்டு. பயிற்சி இல்லாதவன் சாரத்தைக் கட்டவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு குழாயைக் கழற்றுவதும் கூடாது.

அப்படியானால் சாயம் அடிக்கவும் பூசவும் போகிற நம் பையன் என்ன செய்ய வேண்டும்? ஏறும் முன் ஒரு நிமிடம் நின்று, அடியிலிருந்து நுனிவரை கண்ணால் பார்க்க வேண்டும். பால் வெட்டப் போகிறவர் கத்தியைத் தீட்டிப் பார்க்காமல் காட்டுக்குப் போவாரா? அதே பழக்கம்தான் இது.

முதலில் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு குழாயின் அடியிலும் இரும்புத் தட்டு இருக்க வேண்டும். மண் தரையானால் தட்டுக்குக் கீழே கனமான பலகையும் வேண்டும். செங்கல் துண்டையோ வெற்று எண்ணெய்த் தகரத்தையோ முட்டுக் கொடுத்திருந்தால் ஏறாதீர்கள். நம் நாட்டு மழை ஒரு மாலைப் பொழுதில் மண்ணைக் கரைத்துவிடும்.

அடுத்து, குறுக்குக் குழாய்கள். எதிரெதிராகச் சாய்த்துக் கட்டிய அந்தக் குழாய்கள்தாம் சாரம் ஒருபக்கம் சாயாமல் காப்பவை. ஒன்று குறைந்தாலும் கேளுங்கள். சாரம் கட்டடத்தோடு இடையிடையே பிணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிணைப்பு இல்லாத உயரமான சாரம் காற்றுக்குத் தலையாட்டும். வலையோ கித்தான் துணியோ கட்டியிருந்தால் கப்பல் பாய் போலக் காற்றை வாங்கும்.

மூன்றாவது, பலகை. இடைவெளி இல்லாமல் முழு அகலத்துக்கும் போட்டிருக்க வேண்டும். வெடிப்பும் பெரிய கணுவும் இருக்கக்கூடாது. தாங்கும் குழாயைத் தாண்டி அரை அடிக்கு மேல் நீண்டிருந்தால், மிதித்தவுடன் மறுமுனை எழும்பும். என் மாணவனைத் தள்ளியது அந்த நீட்டல்தான். பலகை நகராதபடி கட்டியோ கொக்கி மாட்டியோ இருக்க வேண்டும்.

நான்காவது, கைப்பிடி. நிற்பவரின் இடுப்புக்கு மேல் ஒரு குழாய், அதற்கும் பலகைக்கும் நடுவே ஒன்று, பலகை ஓரத்தில் கால்விளிம்புப் பலகை. இந்தக் கடைசிப் பலகை மேலே நிற்பவருக்கு மட்டுமன்று. அது இல்லாவிட்டால் உருண்டு விழும் சுத்தியல் கீழே நடப்பவரின் தலையில்தான் விழும்.

ஐந்தாவது, ஏணி. குறுக்குக் குழாய்களில் கால்வைத்துக் குரங்கு போலத் தாவி ஏறுவதை இளைஞர்கள் வீரம் என்று நினைக்கிறார்கள். ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளிச் சாய்த்து, மேல்தளத்தைத் தாண்டி மூன்று அடி நீண்டிருக்குமாறு கட்டியிருக்க வேண்டும். ஏறும்போது இரண்டு கையும் ஏணியைப் பிடிக்கட்டும். வாளியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

ஆறாவது, சுமை. ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. பத்து மூட்டையை ஒரே இடத்தில் ஏற்றினால் அரை டன். அதன் பக்கத்தில் நான்கு பேர் நின்று பசியாறினால் என்ன ஆகும் என்று நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

பல இடங்களில் சாரத்தில் ஓர் அட்டை தொங்கும். பச்சையானால் பார்த்துச் சரி என்று ஒருவர் கையொப்பமிட்டிருக்கிறார், சிவப்பானால் ஏறக்கூடாது. பச்சை அட்டையிலும் தேதியைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறையேனும், பெருமழைக்கும் காற்றுக்கும் பிறகும், தகுதியுள்ளவர் சாரத்தைச் சோதிக்க வேண்டும். சென்ற மாதத் தேதி இருந்தால் அந்தப் பச்சை நிறத்துக்கு அர்த்தம் இல்லை.

“சேஃப்டி பெல்ட் போட்டிருக்கிறேனே” என்பார்கள். போடத்தான் வேண்டும். ஆனால் அதன் கொக்கியை உறுதியான இடத்தில், கூடுமானவரை தலைக்கு மேல் மாட்டாவிட்டால் அது வெறும் அலங்காரம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆறடிக் கயிறும், அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரியும் நீளமும், ஆளின் உயரமும் சேர்ந்தால், விழுபவரைத் தரை தொடாமல் நிறுத்த ஏறத்தாழ 18 முதல் 20 அடி வெற்றிடம் வேண்டும். பத்தடி உயரத்தில் அந்தக் கயிறு விழுபவரை நிறுத்தும் முன்பே கால் தரையில் மோதிவிடக்கூடும். அங்கே காப்பாற்றுவது கைப்பிடியும் நல்ல பலகையும்தான். 20 அடியிலிருந்து விழுபவர் ஒரு வினாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் தரையை அடைகிறார். அப்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு அருகில். எதையும் எட்டிப் பிடிக்க நேரமே இராது.

சரி, பார்த்தாயிற்று, பலகை ஆடுகிறது. இப்போது என்ன செய்வது?

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கண்முன் ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. புகார் செய்தார் என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதும் குற்றம். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குக் கூலியில் காசு பிடிக்கக்கூடாது. பொதுக் கடமையில் தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம், சிறையும் உண்டு. ஜே.கே.கே.பி. அலுவலகம் மாநிலந்தோறும் இருக்கிறது.

கடமை நமக்கும் உண்டு. கொடுத்த தலைக்கவசத்தைத் தாடை வாரோடு அணிய வேண்டும். சப்பாத்து இருக்கச் சிலிப்பரோடு ஏறக்கூடாது. சொன்ன பாதுகாப்பு முறையைப் பின்பற்றாத தொழிலாளியும் அதே சட்டத்தின் கீழ்க் குற்றவாளிதான்.

ஒருவேளை விபத்து நேர்ந்துவிட்டால், விழுந்தவரை அள்ளித் தூக்கி லாரியில் போடாதீர்கள். முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் வைத்து 999ஐ அழையுங்கள். நாம் சொக்சோ என்று பழகிய பெர்கெசோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவர் பதியவே இல்லை என்றாலும் சோர்ந்துவிடாமல், மருத்துவச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு பெர்கெசோ அலுவலகத்துக்கு நேரே போங்கள். சொந்தமாக வேலை பிடித்துச் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் காப்புத் திட்டம் உண்டு. அதையும் அங்கேயே கேளுங்கள்.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிலும் பெரியது வீடு. தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் உங்கள் மகன் பத்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து, “பலகை சரியில்ல, ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன்” என்கிறான். நீங்கள் என்ன சொல்வீர்கள்? “ஒரு நாள் கூலி போச்சே, மத்தவன் எல்லாம் ஏறலையா?” என்றா? அப்படிச் சொன்னால் மறுநாள் அவன் ஏறிவிடுவான். வீட்டில் ஏச்சு வாங்குவதைவிட ஆடும் பலகை மேல் என்று நினைப்பான். கூலியின் அருமை எனக்கும் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவள்தான். போன கூலியை அடுத்த வாரம் சம்பாதித்துக்கொள்ளலாம். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மண்டபத்துக்குச் சாயம் அடித்தார்கள். மகளை அழைத்துப் போக வந்தவன், நான் மேலே சொன்ன அந்த மாணவன், வண்டியை நிறுத்திவிட்டுச் சாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “டீச்சர், மேல அந்தக் கடைசிப் பலகை கட்டல” என்றான். நான் போய்ச் சொன்னேன். “அரை மணி வேலைதான் டீச்சர், முடிச்சிடுறோம்” என்றார் குத்தகைக்காரர். கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று நின்றேன். முகம் சுளித்தார், ஆனால் கட்டினார். கட்ட ஆன நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

அந்தத் தாயிடம் வாயிலில் நான் சொல்லாமல் விட்டது இதுதான் அம்மா: கார்டோடு மகனை அனுப்புங்கள். கூடவே, “சந்தேகம்னா ஏறாதய்யா, வீட்டுக்கு வா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்ற வார்த்தையையும் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.