பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை: வீடு திரும்பிய பிறகே கவனம் தேவை

பிறந்த முதல் வாரத்தில் நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்கும் தோலும் கண்ணும் மஞ்சளாகத் தோன்றும். பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் நிறமியை, முதிர்ச்சியடையாத கல்லீரல் விரைந்து வெளியேற்ற இயலாததே இதற்குக் காரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே மறையும். சிலருக்கு மட்டும் அளவு மிகுந்து மூளையைத் தாக்கும்; செவித்திறன் இழப்பும் மூளை முடக்குவாதமும் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தால் இவற்றைப் பெரும்பாலும் தடுக்க முடியும்.

கவனம் தவறும் நாட்கள்

2019–21ஆம் ஆண்டு தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்திற்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. சுகப்பிரசவமான தாய் பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குப் பின் வீடு திரும்புகிறார். பிலிரூபின் அளவோ 3 முதல் 5 நாட்களுக்குள்தான் உச்சத்தை எட்டும். பிரசவ வார்டில் குழந்தையின் நிறத்தையும் பால் குடிக்கும் விதத்தையும் செவிலியர் கண்காணிப்பார். வீடு திரும்பியதும் அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிறது.

பூந்தமல்லியை அடுத்த திருமழிசை போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. கர்ப்பத்தைப் பதிவு செய்தது ஓர் ஊர், பிரசவம் வேறோர் ஊர், அதன் பின் தங்குவது தாய் வீடு எனப் பல குடும்பங்கள் இடம் மாறுகின்றன. வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டிற்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும். நீங்கள் இடம் மாறியதைத் தெரிவிக்காவிட்டால், அவர் வந்து நிற்பது பூட்டிய வீட்டின் முன்னால்தான். எனவே தாய் வீட்டிற்குச் செல்லும் முன் உங்கள் பகுதிச் செவிலியரிடம் கூறுங்கள். அங்கு சென்றதும் அவ்வூர்ச் செவிலியரிடம் உங்கள் பிக்மி எண்ணைக் கொடுங்கள்.

செவிலியரின் கண் எதைப் பார்க்கிறது?

மஞ்சள் நிறம் முகத்தில் தொடங்கி, மார்பு, வயிறு, கால் எனக் கீழ்நோக்கிப் பரவும். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியையும் மார்பையும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மாநிறக் குழந்தைகளுக்குக் கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்ப்பது மேலும் உதவும். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவது உண்மையான நிறத்தை மறைத்துவிடும். எனினும் கண்ணால் கண்டு அளவைத் துல்லியமாகக் கூற எவராலும் இயலாது. ஐயம் எழுந்தால் பரிசோதனை தேவை.

"சமர்த்துக் குழந்தை, அழுவதே இல்லை" என்று வீட்டார் மகிழும் குழந்தை, உண்மையில் பால் குடிக்கவும் விழிக்காத அளவுக்குச் சோர்ந்திருக்கலாம். கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருப்பினும் விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

- பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம் தோன்றுதல்
- உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாதல்
- எழுப்பினாலும் விழிக்காமை, பால் குடிக்க மறுத்தல்
- கீச்சென்ற அழுகை, உடல் துவளுதல் அல்லது பின்புறமாக வில்போல் வளைதல், வலிப்பு

மஞ்சள் நிறம் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மலம் வெளிறியிருந்தாலோ, சிறுநீர் அடர்நிறமாக இருந்தாலோ தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள். பித்தநாள அடைப்பாக இருந்தால், 60 நாட்களுக்குள் செய்யும் அறுவை சிகிச்சையே கூடுதல் பயன் தரும்.

ஒளி சிகிச்சையும் வெயிலும்

இன்றைய ஒளி சிகிச்சைக்கு வித்திட்டவர் ஒரு செவிலியர். 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வைத்துப் பராமரித்த ஜீன் வார்டு, வெயில் பட்ட இடங்களில் மஞ்சள் குறைந்து, துணி மூடிய இடத்தில் மட்டும் அது நீடித்ததை மருத்துவர்களுக்குக் காட்டினார். 1958இல் மருத்துவர் கிரீமர் குழுவினர் விளக்கொளியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர்.

"அப்படியானால் வீட்டிலேயே வெயிலில் காட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. வெயிலின் அளவைக் கட்டுப்படுத்த இயலாது. தோல் புண்ணாகலாம், உடலின் நீர் வற்றலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, சிகிச்சைக்கான நேரம் கைநழுவிவிடும். மருத்துவமனையில் நீலநிற ஒளியின் கீழ்க் கண்களை மூடிக் குழந்தையைக் கிடத்துவர். அக்காட்சி தாய்க்கு வேதனையளிக்கலாம். ஆனால் அது குழந்தைக்கு வலி தருவதில்லை. இடையிடையே எடுத்துத் தாய்ப்பால் கொடுக்கலாம். அளவு மிக அதிகமானால் இரத்த மாற்றுச் சிகிச்சை தேவைப்படும்.

தவிர்க்க வேண்டியவை

- சர்க்கரைத் தண்ணீர், கீழாநெல்லிச் சாறு, கிரைப் வாட்டர் எதுவும் கொடுக்காதீர்கள். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுங்கள். மலத்தின் வழியே பிலிரூபின் வெளியேற அது உதவும்.
- இது தொற்றுநோயன்று. தாய்க்குப் பத்தியம் வேண்டாம்.
- அந்துருண்டை போட்டு வைத்த துணிகளைக் குழந்தைக்கு உடுத்தாதீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை அதன் நெடியே சிதைத்துவிடும்.

வீடு திரும்பும் முன் கேளுங்கள்

தாய், குழந்தை இருவரின் இரத்த வகை என்ன? பிலிரூபின் அளவு பார்க்கப்பட்டதா? மறுபரிசோதனைக்கு எந்த நாளில் வர வேண்டும்? தாய் ஆர்எச் நெகட்டிவ்வாகவும் குழந்தை பாசிட்டிவ்வாகவும் இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இது அடுத்த குழந்தைக்கான பாதுகாப்பு. முந்தைய குழந்தைக்கு ஒளி சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ்ப் பரிசோதனை, சிகிச்சை, போக்குவரத்து அனைத்தும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழையுங்கள். பரிசோதனையில் அளவு இயல்பாக இருந்தால், நீங்கள் வந்தது வீண் என்று எந்தச் செவிலியரும் கருதமாட்டார். அவர்கள் வருந்துவது, ஒரு நாள் முன்னதாக வந்திருக்கக்கூடிய குழந்தையைக் காணும்போதுதான்.