அடுக்கினால்தான் நூலகம்

"ஆயிரம் நூல்கள் என் கைக்குள்ளே இருக்கின்றன" என்று மின்னூல் வாசிப்பானைக் காட்டிப் பெருமைப்படும் நண்பர்கள் இன்று பலர். அவர்களை நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். தேர்வுக்கு முதல்நாள் இரவு, வேண்டிய நூலை எத்தனை நிமிடத்தில் எடுப்பீர்கள்? நூல்கள் சேர்ந்து கிடக்கும் இடமெல்லாம் நூலகம் ஆகிவிடாது. குவியல் வேறு; நூலகம் வேறு.

விலை கொடுத்து வாங்க இயலாத நம்போன்ற மாணவர்க்கு மின்னூல் ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் நமக்காகத் திறந்திருக்கிறது. பெறுவது இவ்வளவு எளிதாகிவிட்டதால்தான் அடுக்குவது நம் கடமையாகிறது.

"தேடினால் கிடைத்துவிடுமே, அடுக்குவானேன்?" என்பர் சிலர். தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். ஒரு கோப்பில் 'பாரதி', மற்றொன்றில் 'பாரதியார்', வேறொன்றில் 'சி. சுப்பிரமணிய பாரதி', இன்னொன்றில் ஆங்கில எழுத்தில் அதே பெயர். கருவிக்கோ இவர்கள் நால்வரும் வேறு வேறு ஆள்கள்! நூல் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இக்குறையைத் தீர்க்கக் கணினியே ஏற்ற இடம். வாசிப்பானின் சிறு திரையில் ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டுத் தொகுப்பது பொறுமையைச் சோதிக்கும். கோவித் கோயல் என்பார் 2006இல் தொடங்கிய 'காலிபர்' என்னும் இலவச மென்பொருளில், நூறு நூல்களை ஒருசேரத் தேர்ந்து ஆசிரியர் பெயரை ஒரே வடிவாக்கலாம், குறிச்சொற்கள் இடலாம். கோபோ வாசிப்பானை இணைத்தால், அமைப்பில் ஒருமுறை சொல்லிவைத்தபடி அக்குறிச்சொற்களே தொகுப்புகளாகக் கருவியில் அமைந்துவிடும். கிண்டிலின் பழைய மாதிரிகளிலும் தொகுப்புப் பட்டியலைக் கணினியிலிருந்தே திருத்த முடிந்தது. பின்னர் வந்தவற்றில் அவ்வழி அடைபட்டது. அங்கே யு.எஸ்.பி. வழியே ஏற்றிய நூல்களின் தொகுப்பைக் கருவியில்தான் அமைக்க வேண்டும். அப்போதும் பெயர்களைக் கணினியில் சீர்செய்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

எப்படிப் பிரிப்பது? இங்கே நமக்கு வழிகாட்டி சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931இல் அவர் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளுள் நான்காவது. ஒரு நூலைப் பல முகங்களில் நோக்க வேண்டும் என்பது 1933இல் அவர் தந்த கோலன் பகுப்புமுறையின் உயிர். மர அலமாரியில் ஒரு நூலுக்கு ஓரிடமே உண்டு. மின்தொகுப்பிலோ சிலப்பதிகாரம் 'காப்பியம்', 'சமண சமயம்', 'மூன்றாம் பருவம்' ஆகிய மூன்றிலும் ஒருங்கே இருக்கலாம். ரங்கநாதன் கண்ட கருத்து இன்று நம் கைக்கு எட்டியிருக்க, நாம் அதைப் பயன்படுத்தாதிருப்பது முறையா?

இன்னொன்றும் உண்டு. 2009இல் அமேசான், வாசகர் விலைக்கு வாங்கிய ஆர்வெல் நூல்களை, விற்றவருக்கு உரிமையில்லை என்று கூறி, அவர்களின் கிண்டில்களிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது. வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியே மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. நூலகம் நிறுவனத்தின் கையில் இருந்தால் சாவியும் அதன் கையில்தான். இலவச நூல்களையாவது நம் கணினியில், நம் வரிசையில், நம் பிரதியாக வைத்திருப்பது தற்காப்பு.

ஆகவே நான் முன்வைக்கும் கருத்து இது. ஒவ்வொரு துறை மாணவரும் பேராசிரியர்களின் துணையோடு, பாடத்திட்டத்தை ஒட்டி, இருபது முப்பது குறிச்சொற்கள் கொண்ட பொதுப்பட்டியல் ஒன்றை வகுக்க வேண்டும். கணினி இல்லாதவர்க்குக் கல்லூரிக் கணினி அறை உதவட்டும். மூத்தவர் அடுக்கியதை இளையவர் அப்படியே பெற்றுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அது வளரும். சேர்த்தவன் செல்வன் அல்லன். வேண்டியபோது எடுத்துப் படிக்கக் கூடியவனே செல்வன் என்பது என் துணிபு.