சுவைக்க வருவோரும் வெளியேற்றப்பட்டோரும்

கொழும்பு மாநகரின் கொம்பனித்தெருவிலே அண்மைக் காலமாக ஒரு புதுவகை யாத்திரை நடைபெற்று வருகின்றது. வெளிநாட்டுப் பயணிகளும் உள்ளூர்ச் செல்வரும் ஒரு சிலராகக் கூடி, வழிகாட்டி ஒருவரின் பின்னே நடந்து, கடைக்குக் கடை நின்று உண்டு செல்கின்றனர். நாசிகோரெங், பிட்டும் பாபத்தும், இறைச்சி ரொட்டி, வட்டிலப்பம் என வயிறு நிறைந்தபின், பல்லினங்களும் கூடி வாழும் பழைய கொழும்பைக் கண்டுவிட்டோம் என்னும் திருப்தியுடன் விடுதிக்குத் திரும்புகின்றனர்.

உண்பதை நாம் குறை கூறவில்லை. நல்ல பாபத் கறியை வேண்டாமென்று தள்ளும் அளவுக்கு நாம் துறவிகளும் அல்லர். எமது வழக்கு, உணவோடு சேர்த்துப் பரிமாறப்படும் வரலாற்றைப் பற்றியது.

பாபத் என்பது மாட்டின் இரைப்பை. நல்லிறைச்சி வாங்கப் பணமில்லாதவன் வீட்டிலேதான் இரைப்பையும் குடலும் பல மணி நேரம் அடுப்பிலிருந்து பக்குவம் பெறும். அதனை இந்நகருக்குத் தந்த மலாய் மக்களின் முன்னோர் விருந்தினராக இங்கு வந்தவர்கள் அல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும், நாடு கடத்தப்பட்டோராகவும், தண்டனைக் கைதிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். பின்னர் ஆங்கிலேயர் தம் துப்பாக்கிப் படையிலே அவர்களைச் சேர்த்தனர். தேவை தீர்ந்ததும் 1873ஆம் ஆண்டில் அப்படையைக் கலைத்தனர். பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் தோட்டங்களிலும் பிழைப்புத் தேடிய அம்மக்கள் வறுமையில் இருந்தார்களேயன்றி அறியாமையில் இருக்கவில்லை. 1869இலேயே கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையை வெளியிட்ட சமூகம் அது. இதனை எந்த வழிகாட்டி சொல்கிறார்? 'மசாலாவின் மணம்' என்ற இரண்டு சொற்களோடு மூன்று நூற்றாண்டுகளும் முடிந்துவிடுகின்றன.

பெயரின் கதை இன்னும் கொடியது. ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளைப் பகலிலே கோட்டையில் வேலை வாங்கி, இரவிலே நீர் சூழ்ந்த இந்நிலத்தில் அடைத்து வைத்தது. தப்பி ஓடாதிருக்க ஏரியிலே முதலைகள் விடப்பட்டன என்றும் ஒரு கதை உண்டு. சுவை நடைக்காரருக்கு மிகவும் பிடித்த கதை அது. முதலை சுவாரசியமானது, அடிமை அவ்வாறு அல்லன் போலும்! இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஆயினும் அடிமைத்தீவு என்ற ஆங்கிலப் பெயர் நிலைத்திருந்தது. 2022ஆம் ஆண்டிலேதான் அரசாங்கம் அதனைக் கைவிட முடிவு செய்தது. இழிவைத் தரும் பெயர் போவது நன்றே. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றிய அரசு, அப்பெயரைச் சுமந்து வாழ்ந்த ஏழைகளின் வழிவந்தோரை எவ்வாறு நடத்திற்று என்பதே எமது கேள்வி.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில், மியூஸ் வீதியிலே இராணுவமும் பொலிசாரும் நிற்க, மக்கள் குடியிருந்த வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகாரசபை அதே ஆண்டில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. நகரை அழகுபடுத்துவது படைத்துறையின் அலுவலாயிற்று! அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாவா ஒழுங்கைக் குடும்பங்கள் தம் மனைகளைவிட்டு எழுப்பப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டடமும் 2021இல் இடிக்கப்பட்டது. குடிபெயர்க்கப்பட்ட நகர ஏழைகளுக்கென எழுப்பப்பட்ட தொடக்ககால மாடிமனைகள் ஏறத்தாழ 400 சதுர அடி அளவின. பத்தாம் மாடியிலிருந்து எந்தப் பெண் வீதியில் அப்பம் விற்பாள்? வாசலும் ஒழுங்கையும் அயலவரும் இருந்தபடியாலன்றோ அந்த அடுப்பு ஒரு குடும்பத்தைக் காத்தது!

ஆகவே, இன்று பயணி நடக்கும் ஒழுங்கை, எஞ்சியிருப்பவர்களின் ஒழுங்கையே. வானளாவிகளின் நிழலிலே மிஞ்சிய சில அடுப்புகளைச் சுற்றிக் காட்டி, 'பாரம்பரியம்' என்று பெயரிட்டு விற்கிறார்கள்.

"கடைக்காரருக்கு நாலு காசு வருகிறதே, அதையும் கெடுப்பீர்களா?" என்று சிலர் எம்மைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அந்த நெருப்பைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருப்பவருக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் பெறுமதியானது. ஆனால் பயணி செலுத்தும் டொலரிலே அடுப்படிக்குப் போவது எவ்வளவு, நடத்துநரிடம் தங்குவது எவ்வளவு என்று அதே நண்பர்கள் கேட்பதில்லை. கடைக்காரர் தம் வீட்டு உறுதியைக் கையில் வைத்திருக்கிறாரா என்றும் கேட்பதில்லை. இரசிகர் நூறு பேர் கூடிப் புகழ்ந்தாலும், காணி பறிபோகும் நாளிலே புகழ்ச்சி எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

இந்நாட்டில் உணவின் வரலாறு சமையற் குறிப்புகளின் வரலாறு மாத்திரமன்று. ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்து நின்றது. அரிசியைப் பற்றிப் பேசப் புகுவோர் அந்த நாளைத் தாண்டிச் செல்வது எவ்வாறு?

ஆசிரியராகிய நாம் ஒன்று செய்யலாம். உயர்வகுப்பு மாணவரை ஒரு சனிக்கிழமை அதே வழியே அழைத்துச் செல்வோம். கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் வேகந்தப் பள்ளிவாசலையும் அவர்கள் காணட்டும். வீடு இழந்தவர்களைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைக் குறிப்பேட்டில் எழுதட்டும். மியூஸ் வீதியில் வீடுகள் நின்ற இடத்தின் முன்னே சற்றே நின்று, எத்தனை கதவிலக்கங்கள் காணாமற் போயின என எண்ணட்டும். பசித்தபின் பிட்டும் பாபத்தும் உண்ணட்டும். சமைத்தவரின் பெயரைக் கேட்டு, முழு விலையும் கொடுக்கட்டும்.