மீட்பர் என்றால் யாருக்கு மீட்பர்?

லெனாட் பேர்ச்சல் என்ற கனேடியரை ‘இலங்கையின் மீட்பர்’ என்று சொல்லுவார்கள். ஒன்ராறியோவில் பிறந்தவர், றோயல் கனேடிய விமானப்படையின் 413ஆவது அணிக்காரர். கனடாவின் உலகப்போர்க் கதைகளை எடுத்தால் டியெப், ஹொங்கொங் என்று தோல்விகளும் சாவும்தான் கனக்க வரும். அதற்குள் பேர்ச்சல் கதை கொஞ்சம் வெளிச்சமானது. ஏப்ரல் வந்தால் யாராவது அதைப் பகிர்வார்கள். கீழே எங்கட ஆக்களும் ‘நன்றி கனடா’ என்று போட்டுவிட்டுப் போவார்கள். நன்றி சொல்வதில் பிழையில்லை. யார், யாரை, எதிலிருந்து மீட்டது என்று கேட்காமல் சொல்லுகிற நன்றியோடுதான் எங்களுக்குச் சண்டை.

நடந்தது இதுதான். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கிளம்பிய கற்றலினா விமானம் ஒன்று, ஒன்பது பேரோடு இலங்கைக்குத் தெற்கே கடலைத் துழாவிக்கொண்டிருந்தது. பேர்ச்சல் இந்தத் தீவுக்கு வந்து இரண்டு நாள்தான். பின்னேரம், நகுமோவின் ஜப்பானியக் கடற்படை அணி கண்ணில் பட்டது. திரும்பி ஓடாமல் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள், ஆறு பேர் பிடிபட்டார்கள். போர் முடியும்வரை ஜப்பானியச் சிறை முகாம்களில் இருந்த பேர்ச்சல், வருத்தக்காரக் கைதிகளை வேலைக்கு அனுப்ப விடாமல் எதிர்த்து நின்று அடி வாங்கியவர். அந்தத் துணிச்சலில் குண்டுமணி அளவும் நாங்கள் குறைக்கப் போவதில்லை.

ஆனால் ஒருவரை மீட்பர் என்று சொல்ல, துணிச்சல் மட்டும் போதாது. மீட்பு நடந்திருக்க வேண்டும். அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை போயிருந்தும் இரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் மேலே வந்துவிட்டார்கள். அங்கொடை மனநல மருத்துவமனையும் தப்பவில்லை. கோர்ன்வோல், டோர்செற்சயர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்றே கடலில் தாழ்ந்தன. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பிறகு நகுமோ திரும்பிப் போனார். அவர் வந்தது பிரித்தானியக் கடற்படையை அடிக்க, தீவைப் பிடிக்க அல்ல. தரையிறங்கும் படை அவரோடு வரவேயில்லை. ‘அந்தச் செய்தி இல்லாவிட்டால் நாங்கள் ஜப்பானின் கீழே’ என்ற வாதம் இந்த இடத்திலேயே ஆட்டம் காணுது.

‘அப்ப ஜப்பான்காரன் நல்லவனோ?’ என்று கேட்பீர்கள். இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் செத்த ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை நினைத்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எங்கட கேள்வி வேறு. அன்றைக்குக் காப்பாற்றப்பட்ட இலங்கை யாருடையது?

1931இலேயே எங்களுக்குச் சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் பாதுகாப்பு விடயம் நாங்கள் தெரிவு செய்தவர்களின் கையில் இருக்கவில்லை. 1942 மார்ச்சில் அட்மிரல் லேற்றன் தளபதியாக வந்தபோது ஆளுநரே அவருக்குக் கீழே போனார். போருக்குள் போவோமா என்று இந்தச் சனத்திடம் ஒருவரும் கேட்கவில்லை. பேர்ச்சல் காத்தது ஒரு பேரரசின் துறைமுகத்தை. அதற்குள் நாங்களும் இருந்தோம், அவ்வளவுதான்.

அந்த விமானம் எழும்பிய கொக்கலையைப் பாருங்கள். தளம் போடுவதற்காக அந்த ஊர்ச் சனத்தை அவசரமாக எழுப்பி அனுப்பினார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு அதில் தப்பியது, இன்று அது நூதனசாலை. மற்ற வீடுகள் போனது போனதுதான். போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, ஏற்றுமதி வலயமும் இருக்கிறது. தளத்தில் இருந்து கிளம்பியவர் வரலாற்றில் மீட்பர். தளத்துக்காகக் கிளப்பப்பட்டவர் வரலாற்றில் ஒரு அடிக்குறிப்புக்கும் இல்லை.

இதை வாசிக்கிற வலிகாமம் வடக்குப் பிள்ளைகளுக்கு மேலே ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பலாலி ஓடுபாதையும் அதே போரில் பிரித்தானிய விமானப்படை போட்டதுதான். 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களில் இன்னும் சொந்தக் காணிக்குள் கால் வைக்காதவர்கள் இருக்கிறார்கள். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு நிலம் கொடுத்தவர் தென்னிலங்கையில் சிங்களவர், வடக்கில் தமிழர். கொக்கலையும் பலாலியும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் என்று எங்கட வரலாற்றுப் புத்தகம் எப்போதாவது சொல்லியிருக்கா?

இன்னொரு பெயரும் இருக்கிறது. பேர்ச்சல் பிடிபட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். முன்னின்ற கிரேஷியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அந்த ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜப்பானை நம்பியது அவர்களுடைய கணக்குப் பிழையாக இருக்கலாம். ஆனால் ‘இது யாருடைய போர்’ என்று கேட்டவர்கள் அவர்கள்தான். கேட்டவருக்குக் கயிறு, கேட்காமல் பறந்தவருக்குப் பதக்கம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காத வரலாறு பாதி வரலாறு.

கனடா தன் வீரனை நினைக்கட்டும், அது அவர்களின் உரிமை. அவர்கள் எழுதிய கதையை அப்படியே எடுத்து எங்கட கதை என்று நாங்கள் பகிர வேண்டியதில்லை. 1942இல் பத்து வயதாக இருந்த கொக்கலைப் பிள்ளை இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். கம்பஸில் வரலாறு, சமூகவியல் படிக்கிற நாங்கள் அவர்களிடம் போய்ப் பதிவு செய்ய இன்னும் கொஞ்ச நாள்தான் மிச்சம். சிங்களம் தெரியாதென்றால் தெரிந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போவோம். வாற ஏப்ரலில் பேர்ச்சலின் படத்தைப் போடுகிறவர்கள் போடுங்கள். அதே பதிவில் கொக்கலையில் வீடு இழந்த ஒருவரின் பெயரையும் போட முடியுமா என்று பாருங்கள்.